ஆத்தாவின் கட்டியும் அப்பச்சியின் காலும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன. சுருக்கம் இது:

ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 66 வயது. இடது மார்பில் 2.2 செ.மீ. கட்டி. ஊசி பயாப்சி எடுத்து அறிக்கை வந்துவிட்டது: 'இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கேஐ-67 25%.' (பால்குழாயில் தொடங்கி அதைத் தாண்டி வளர்ந்த மார்பகப் புற்று என்பது முதல் சொல்லின் பொருள். ஈஆர், பிஆர் என்பவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள், ஹெர்2 வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்.) அக்குளில் நெறி எதுவும் ஸ்கேனில் தெரியவில்லை. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 72 வயது, 20 வருடமாகச் சர்க்கரை. தை மாதம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு வெறுங்காலில் நடந்து போனவர், வலது கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளத்தோடு திரும்பினார். ஏழு வாரமாகியும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குப் புண் அப்படியே இருக்கிறது. வலி இல்லை. "என் கால் கிடக்கட்டும், ஆத்தாவை முதலில் பாருங்கள்" என்கிறார்.

வாசகியின் கேள்விகள்: "25 சதவீதம் என்றால் உடம்பில் கால்வாசி பரவிவிட்டதா? ஊசி குத்தியதாலோ, நான் தைலம் தடவியதாலோ பரவியிருக்குமா? பணியாரம், இனிப்பு எல்லாவற்றையும் ஆத்தாவுக்கு நிறுத்திவிட்டோம், சரிதானே? நித்தியகல்யாணிக் கஷாயம் இருவருக்கும் நல்லது என்று உறவுக்காரர் ஒருவர் கொடுத்துவிட்டிருக்கிறார். இன்னொருவர் 'டெலோமியர் காப்ஸ்யூல்' விற்கிறார். அப்பச்சி புண்ணுக்குக் கொடுத்த ஜெல்லில் 'வளர்ச்சிக் காரணி' என்று போட்டிருக்கிறது, அதை ஆத்தா கையால் தடவலாமா? ஒரே வீட்டில் ஒருவர் உடம்பில் செல் நிற்காமல் பெருகுகிறது, இன்னொருவர் உடம்பில் வேண்டிய இடத்தில் வளரமாட்டேன் என்கிறது. இது என்ன கணக்கு? எனக்கும் வருமா?"

ஆச்சி, உங்கள் நான்கு பக்கத்தில் அப்பச்சியின் காலுக்கு ஏழு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அந்த ஏழு வரியிலிருந்து தொடங்குகிறேன். இந்த வாரம் அவசரம் ஆத்தாவுக்கு இல்லை, அவருக்குத்தான்.

ஒரு செ.மீ. கட்டியிலேயே சுமார் 100 கோடி செல்கள் இருக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, இப்படி 30 முறை இரட்டித்தால் அந்த எண்ணிக்கை வரும். மார்பகக் கட்டி ஒரு தடவை இரட்டிக்கவே பெரும்பாலும் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே ஆத்தாவின் கட்டி போன மாதம் முளைத்தது அல்ல, பல வருடங்களுக்கு முன்பே தொடங்கியது. நல்ல மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க, இரண்டாவது கருத்துக் கேட்க, பணத்துக்கு ஏற்பாடு செய்ய இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்வதால் முடிவு மாறாது. அப்பச்சியின் காலில் நிலைமை வேறு. கிருமி அந்தப் புண் வழியாக எலும்புக்குள் இறங்கச் சில நாள் போதும். நாளைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய்வந்த பிறகு மீதியைப் படித்தாலும் சரி.

ஒரு செல் எப்போது பிரியும், எப்போது நிற்கும்

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இந்த நிமிடம் பிரியவில்லை. பிரியாமல் இருப்பதுதான் அவற்றின் வழக்கம். பிரிவதற்குத்தான் உத்தரவு வேண்டும்.

நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலோ மலேயாவிலோ கடை நடத்துகிற ஏஜெண்டு, ஊரிலிருக்கும் முதலாளி சொல்லாமல் இன்னொரு கடை திறக்க முடியாது. உத்தரவு வந்தாலும் ஐந்தொகை எடுத்துக் கணக்கு நேராக வேண்டும். செல்லும் ஏறக்குறைய அப்படித்தான். வெளியிலிருந்து ஹார்மோனோ வளர்ச்சிக் காரணியோ வந்து 'பிரி' என்று சொல்ல வேண்டும். உள்ளே சத்து இருக்க வேண்டும். காலூன்ற இடம் வேண்டும். பக்கத்தில் காலியிடமும் வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் சுவர் வந்ததும் நிறுத்துவதுபோல, நல்ல செல் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளும்.

இவை எல்லாம் சேர்ந்தால்தான் முதல் கதவு திறக்கும். அந்தக் கதவைச் சாத்தி வைத்திருப்பது ஆர்பி என்ற புரதம். 'சைக்ளின்' என்ற புரதமும் அதோடு சேர்ந்து இயங்கும் சிடிகே நொதியும் அதை விலக்கும்போது செல் உள்ளே நுழைகிறது. நுழைந்தபின் பாதியில் திரும்பிப் போக வழி கிடையாது. அடுத்து 46 குரோமோசோம்களையும், அதாவது சுமார் 600 கோடி எழுத்துள்ள ஒரு பேரேட்டை, முழுதாகப் படியெடுக்கிறது. பிழை இருந்தால் பி53 என்ற புரதம் வேலையை நிறுத்தித் திருத்தச் சொல்லும். திருத்த முடியாத அளவு பிழை என்றால் அந்தச் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும். கடைசியாகக் குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும், இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய இழைகள் வந்து பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு குரோமோசோமில் இழை மாட்டாமல் இருந்தாலும் எல்லாம் காத்திருக்கும். மாட்டிய பிறகுதான் இரு பக்கமும் இழுபட்டுச் செல் இரண்டாகும். ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்லுக்கு இந்த ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 24 மணி நேரம். அதில் படியெடுக்க மட்டும் எட்டு மணி நேரம் போகும், கண்ணுக்குத் தெரிகிற அந்தக் கடைசிப் பிரிவுக்கு ஒரு மணி நேரம்தான்.

சைக்ளினை 1982-இல் டிம் ஹண்ட் கண்டது கடல் முள்ளெலியின் முட்டையில். லீலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ் இருவரும் கண்டவை ஈஸ்டில். 2001-இல் மூவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். கடல் முள்ளெலிக்கும் ஆத்தாவுக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்த இயந்திரம் ஈஸ்டிலிருந்து மனிதர் வரை கிட்டத்தட்ட ஒன்றேதான். பால்போசிக்ளிப், ரைபோசிக்ளிப் போன்ற மாத்திரைகள் அந்த முதல் கதவிலேயே சிடிகேயைப் பிடித்துக் கட்டிப்போடுகிறவை. பெரும்பாலும் பரவிய நோய்க்கும், திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் கொடுப்பது. ஆத்தாவுக்கு அது தேவையா என்பதை அறுவைக்குப் பிறகு மருத்துவரிடம் கேளுங்கள்.

நிற்பதிலும் வகை உண்டு. ஈரல் செல் ஓய்வில் இருக்கும், ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் எழுந்து பிரியும். இதயத் தசையும் நரம்பும் அநேகமாக நின்றது நின்றதுதான். மூன்றாவது வகைதான் உங்கள் வீட்டுக்கு முக்கியம்: கிழடு தட்டி, சாகாமலும் பிரியாமலும் உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் எரிச்சலூட்டும் பொருள்களைக் கசியவிடும் செல்கள். அப்பச்சியின் புண் ஓரத்தில் இவை நிறைய இருக்கும்.

புற்று என்றால் 'வேகம்' என்று நினைக்கிறீர்கள். குடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் முழுக்கப் புதுசாகிறது. எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. பெரும்பாலான கட்டிகள் அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் குடல் செல்லும் மஜ்ஜை செல்லும் 'போதும்' என்றால் நிற்கும், கட்டிச் செல் நிற்காது. குற்றம் வேகத்தில் இல்லை, சொல் கேளாமையில்.

25 சதவீதம் எதைச் சொல்கிறது

கேஐ-67 பரவலை அளப்பது அல்ல. பிரியும் சுற்றுக்குள் இருக்கிற செல்லில் மட்டும் தென்படும் ஒரு புரதம் அது. ஓய்விலிருக்கும் செல்லில் இருக்காது. ஜெர்மனியின் கீல் நகரத்தில் கண்டறிந்ததால் 'கேஐ'. ஆத்தாவின் கட்டித் துண்டில் நூறு புற்றுச் செல்லை எண்ணினால் 25 செல் சுற்றுக்குள் இருக்கின்றன, 75 சும்மா இருக்கின்றன. அவ்வளவுதான் பொருள். இதே ஈஆர் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் வகையில் 5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குறைவு, 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் அதிகம் என்று தயக்கமில்லாமல் சொல்லலாம். இடையில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரே துண்டை இரண்டு ஆய்வகத்தில் எண்ணினால் 18 என்றும் 28 என்றும் வருவது சாதாரணம்.

கிரேடும் நிலையும் ஒன்றல்ல, இதைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். கிரேடு என்பது மூன்று விஷயத்துக்கு ஆளுக்கு 1 முதல் 3 மதிப்பெண்: செல்கள் குழாய்போல அமைந்திருக்கின்றனவா, உட்கரு எவ்வளவு கோணலாக இருக்கிறது, நுண்ணோக்கியில் பிரிந்துகொண்டிருக்கும் செல் எத்தனை தெரிகிறது. கூட்டினால் 6 அல்லது 7 வந்தால் கிரேடு 2. மூன்றாவது மதிப்பெண் எத்தனை என்று அறிக்கையில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். அது பிரிந்துகொண்டிருப்பதைக் கண்ணால் பார்த்து எண்ணியது. நிலை என்பது அளவும் பரவலும். அக்குளில் இல்லை என்று அறுவையில் உறுதியானால் ஆத்தாவுக்கு இரண்டாம் நிலையின் முற்பகுதி.

ஊசியால் பரவியிருக்குமா என்றால், கவலைப்படும்படி இல்லை. அந்த ஊசி இல்லாமல் ஈஆர், ஹெர்2 எதுவும் தெரிந்திருக்காது, வைத்தியம் குருட்டாம்போக்கில்தான் நடந்திருக்கும். நீங்கள் தைலம் தடவியதாலும் பரவவில்லை.

சொல் கேட்கிற கட்டி

அறிக்கையில் உங்களுக்கு நல்ல வரி 'ஈஆர் பாசிட்டிவ்'. ஈஸ்ட்ரோஜன் வந்து சொன்னால் பிரியும் கட்டி இது. பாதிச் சொல்லையாவது இன்னும் கேட்கிறது. சொல்கிறவரின் வாயை அடைத்துவிட்டால் பெரும்பாலான செல்கள் நின்றுபோகும். மாதவிடாய் நின்றவர்களுக்கு உடம்புக் கொழுப்பிலும் பிற திசுக்களிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டாவதால், அதைத் தடுக்கும் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் தினம் ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம் கொடுப்பார்கள். மூட்டு வலிக்கும், எலும்பு மெலியும். ஆரம்பத்திலேயே எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். டாமாக்சிஃபென் கொடுத்தால் வேறு எச்சரிக்கை: மார்பில் 'நில்' என்கிற அதே மருந்து, கருப்பையின் உள்தோலில் 'பிரி' என்று சொல்லும். சொட்டு இரத்தம் பட்டாலும் தெரிவிக்க வேண்டும்.

மார்பை முழுக்க எடுக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள். 2.2 செ.மீ. கட்டிக்குப் பெரும்பாலும் கட்டியையும் ஓரத்தையும் மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தால் போதும், ஆயுள் கணக்கில் இரண்டும் சமம். கதிர் டிஎன்ஏவை உடைக்கிறது. உடைந்த செல் உடனே சாகாது, அடுத்த தடவை பிரியப் பார்க்கும்போது சாகும். மூன்று வாரத்தில் 15 தடவை என்பது இப்போது வழக்கம். மதுரைக்குத் தினமும் போய்வருவதா, அங்கேயே தங்குவதா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கீமோ வேண்டுமா என்பதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. 66 வயது, ஈஆர் பாசிட்டிவ், அக்குளில் இல்லை என்றால் கீமோ பலருக்குக் கூடுதல் பலன் தருவதில்லை. 21 மரபணுக்களைப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அதில் ஐந்து, செல் பிரிவதை அளப்பவை, கேஐ-67-ம் அந்த ஐந்தில் ஒன்று. செலவு அதிகம். ஆனால் தேவையில்லாத ஒரு கீமோவைத் தவிர்க்க முடிந்தால் அது வீண் செலவு அல்ல. கையில் அவ்வளவு இல்லையென்றால் கட்டியின் அளவு, கிரேடு, அக்குள், ஈஆர் அளவு இவற்றைச் சேர்த்துப் பார்த்தே அனுபவமுள்ள மருத்துவர் முடிவு சொல்லிவிடுவார்.

கீமோ கொடுத்தால் முடி ஏன் கொட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முடி வேர், குடல், மஜ்ஜை மூன்றும் ஓயாமல் பிரிகிறவை, மருந்து அவற்றையும் சேர்த்து அடிக்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் கொட்டும், மருந்து நின்றதும் வளரும். அதைவிட முக்கியம் மஜ்ஜை. கீமோ கொடுத்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு மிகக் குறையும். அந்த நாள்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கும்போது அறிக்கை நகல் மட்டும் போதாது. பயாப்சித் துண்டு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும், மீதித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைக்கு விண்ணப்பியுங்கள், புற்றுநோய் சிகிச்சை அதில் வருகிறது. பெரிய வீடு இருக்கிறதே, கொடுப்பார்களா என்று எழுதியிருக்கிறீர்கள். பார்ப்பது வருமானச் சான்றை, வீட்டு முகப்பை அல்ல.

அப்பச்சியின் புண் ஏன் மூடவில்லை

டார்ச் வெளிச்சத்தில் அந்தப் புண்ணை நன்றாகப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளையாக, தடித்துக் காய்த்துப்போன தோல் ஒரு வளையம்போல இருக்கும். ஓரம் உள்நோக்கி மடிந்திருக்கும். புதுத் தோல் செல்கள் அந்த ஓரத்தில்தான் குவிந்து கிடக்கின்றன, தாண்டி நடுவுக்கு வர முடியவில்லை.

நல்ல புண்ணில் இரத்தம் உறையும், பிறகு வெள்ளணுக்கள் வந்து சுத்தம் செய்யும், பிறகு புதுச் செல்கள் பிரிந்து மூடும். சர்க்கரை கூடிய காலில் இரண்டாவது கட்டத்திலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறது. அங்கே ஊறும் நொதிகள் வளர்ச்சிக் காரணிகளையே தின்றுவிடும். ஓரத்துச் செல்கள் நான் முன்னே சொன்ன கிழட்டு நிலைக்குப் போய்விடும். இரத்தம் குறைவாக வந்தால் உத்தரவும் வராது, சத்தும் வராது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழு உடம்பின் பாரம் அந்த நாணய அளவு இடத்தில் இறங்குகிறது. நேற்று முளைத்த செல்லை இன்று நசுக்கிவிடுகிறார்.

"வலி இல்லை, அதனால் பயமில்லை" என்கிறீர்கள். வலி இருந்திருந்தால் பழனி போகும் வழியிலேயே செருப்பு போட்டிருப்பார். வலி இல்லாததுதான் நோய், சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டது.

மருத்துவர் காய்த்த தோலையும் செத்த சதையையும் கத்தியால் சீவுவார். "வெட்டினால் பெரிதாகுமே" என்று அப்பச்சி பயப்படுகிறார். பார்க்கப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் வேலை செய்யாத ஓரத்தை நீக்கி, பிரியக்கூடிய செல்லை வெளியே கொண்டுவரும் வழி அதுதான். கூடவே இவற்றையும் கேளுங்கள்:

உலோகக் கம்பியால் புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது, ஒரு எக்ஸ்ரே. கணுக்கால், கை இரத்த அழுத்த விகிதம்: 0.9-க்குக் கீழே என்றால் இரத்த ஓட்டம் குறைவு, 1.3-க்கு மேல் என்றால் குழாய் கெட்டிப்பட்டு அளவு பொய் சொல்கிறது, கால்விரல் அழுத்தம் பார்க்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின். இரத்த ஓட்டம் சரியாக இருந்து, கிருமியும் கடுமையாக இல்லையென்றால் முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத பாரம் தாங்கும் கட்டு. கழற்றக்கூடியதைக் கொடுத்தால் அப்பச்சி கழற்றி வைத்துவிடுவார் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது.

வீட்டுக்குள் நடப்பதும் நடைதான். முகப்பிலிருந்து வளவு தாண்டி அடுப்படிவரை எத்தனை அடி என்று உங்களுக்கே தெரியும். கட்டிலை வீட்டின் ஒரே பகுதியில் போட்டு, கழிப்பறையும் பக்கத்தில் இருக்கும்படி பாருங்கள். வழுவழு கல்தரைதானே என்று வெறுங்காலில் விடாதீர்கள். 'பொங்குகிற மருந்து' என்று ஊற்றுகிறீர்களே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியோடு புதுச் செல்லையும் கொல்கிறது. அதையும், புண்ணில் காப்பிப்பொடி வைப்பதையும் நிறுத்துங்கள். கடையில் விற்கும் சலைனால் கழுவினால் போதும். வெந்நீரில் ஊறவைக்கவே கூடாது, சூடு தெரியாமல் வெந்துபோகும்.

வாரம் ஒருமுறை பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். நீளம், அகலம் பெருக்கி எழுதி வையுங்கள். நான்கு வாரத்தில் பாதியாகக் குறையவில்லை என்றால் வைத்தியத்தில் எதையோ தவறவிட்டிருக்கிறார்கள், வேறு இடம் பாருங்கள். ஓரம் காலிஃபிளவர்போலத் தடித்து வளர்ந்தால் அங்கேயும் ஒரு பயாப்சி வேண்டும், நெடுநாள் புண்ணின் ஓரம் சில சமயம் புற்றாக மாறுவதுண்டு. சிவப்பு இரண்டு செ.மீ. தாண்டினாலோ, நாற்றம், நடுக்கம், கறுப்பு, காரணமில்லாமல் சர்க்கரை எகிறுவது இவற்றில் ஒன்று வந்தாலோ அன்றே போக வேண்டும்.

ஜெல்லை ஆத்தா தடவலாம். கைத்தோல் வழியாக மார்புக் கட்டிக்குப் போய் எதுவும் செய்யாது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், அது புண்ணின் சுத்தத்துக்காக. ஆனால் சீவாத, பாரம் குறைக்காத புண்ணில் அந்த ஜெல் தடவுவது தண்ணீர் இல்லாத கொல்லைக்கு உரம் போடுவதுதான். அதன் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஆறிய பிறகு? ஆறிய புண் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருவது பத்தில் நாலு பேருக்கு. அடுத்த தையில் காவடியை வீட்டில் இன்னொருவர் எடுக்கட்டும். அப்பச்சி வண்டியில் போய் மலையடிவாரத்தில் சேர்ந்துகொள்ளட்டும்.

கஷாயம், காப்ஸ்யூல், பணியாரம்

உறவுக்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் ஆபத்து. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்று மருந்துகள் நித்தியகல்யாணியிலிருந்துதான் வருகின்றன. குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இழையைக் கட்டவிடாமல் செய்து செல்லை நடுவழியில் நிறுத்திவிடும். நம் மாநில மலரான செங்காந்தளின் கோல்சிசினும் அதே வேலை செய்வதுதான், அதன் கிழங்கைத் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போக விடுவதில்லை, அதுவும் இரத்தக் குழாயில் (சிரையில்) ஊசியாக. உங்கள் கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. குறைந்தால் பயனில்லை. கூடினால் வெள்ளணு குறையும், நரம்பு கெடும். அப்பச்சிக்கு ஏற்கெனவே கெட்டுப்போன நரம்பு. இரண்டு பேருக்குமே நிறுத்துங்கள். இதுவரை குடித்ததை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

காப்ஸ்யூல் கதை இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு தடவை பிரியும்போதும் குரோமோசோமின் நுனி, அதாவது டெலோமியர், கொஞ்சம் தேயும். சாதாரணச் செல் 40 முதல் 60 தடவை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961-இலேயே ஹேஃப்ளிக் காட்டிவிட்டார். அந்தத் தேய்மானம் உடம்பு போட்டுவைத்த ஒரு பூட்டு. நுனியைத் திரும்ப வளர்க்கும் டெலோமரேஸ் நொதியைத் திருட்டுத்தனமாக முடுக்கிவிட்டுத்தான் பத்தில் எட்டு ஒன்பது புற்றுகள் சாகாமல் வளர்கின்றன. விற்கிறவர் சொல்வதுபோல் அந்தக் காப்ஸ்யூல் வேலை செய்யாவிட்டால் பணம் போகும். வேலை செய்தால், புற்று உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே கூடாது.

பணியாரத்தை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. சோற்றிலிருந்தும் சர்க்கரைதான் வருகிறது. எதுவுமே சாப்பிடாவிட்டால் ஈரல் தானே செய்துகொடுக்கும். கட்டி தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மெலிவது ஆத்தாவின் சதை. இனிப்பைக் குறைப்பது நல்லதுதான், ஆனால் ஒரு வெள்ளைப் பணியாரத்துக்குக் குற்றவாளிபோல் நிற்கவேண்டியதில்லை. இருவருக்கும் வேண்டியது புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம், 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமளவு, ஒரு கைப்பிடிப் பருப்பில் 7 கிராம். அப்பச்சிக்குக் கிரியாட்டினின் பார்த்த பிறகு அளவை முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு வருமா

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள்: "அப்பச்சியின் தங்கை 45 வயதில் சூலகப் புற்றில் போனார், அது அப்பச்சி வழி, கணக்கில் வராது." வரும். ஆத்தாவின் நோயைவிட உங்கள் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப்படுவது அதுதான். மார்பகப் புற்றில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரைக் காரணம், 66 வயதில் வந்த ஈஆர் பாசிட்டிவ் கட்டி மட்டும் என்றால் அவ்வளவு சந்தேகப்பட மாட்டோம். சூலகப் புற்றில் அந்த விகிதம் கூடுதல். டிஎன்ஏ பிழையைத் திருத்தும் பிஆர்சிஏ மரபணுவில் ஒரு பிரதி பழுதோடு பிறந்தால், செல்லுக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. எங்கோ ஒரு செல்லில் அதுவும் போய்விட்டால் பிழையைத் திருத்த ஆளில்லை. அந்தப் பழுது ஆண்கள் வழியாகவும் அப்படியே இறங்கும், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பு.

அத்தை இல்லை. இனி முதலில் சோதிக்க வேண்டிய இரத்தம் அப்பச்சியுடையது. மரபணு ஆலோசகரிடம் இதைச் சொல்லி அவருக்குப் பிஆர்சிஏ சோதனை பாருங்கள். அவருக்கு இல்லையென்றால் அந்த வழியில் உங்களுக்குக் கவலை இல்லை. இருந்தால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் பார்க்க வேண்டும், அதன் பிறகு எம்ஆர்ஐ ஸ்கேன், சூலகம் பற்றிய முடிவுகள் எல்லாம் வரும். எப்படியானாலும் 43 வயதில் இந்த வருடமே ஒரு மேமோகிராம் எடுத்துவிடுங்கள்.

கால் மருத்துவரிடம் போகும் அன்றே அந்த இரத்தத்தையும் கொடுத்துவிடலாம். "ஆத்தாவை முதலில் பாருங்கள்" என்று அப்பச்சி மறுபடியும் சொன்னால், ஆத்தாவின் கதிர் சிகிச்சைக்கு மதுரைக்கு 15 தடவை கூடப் போய்வர அவருடைய கால்தான் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்.